கிஸ்தி கேட்ட மண்ணில் ஒரு நாள்!

'வெள்ளாமை முடிஞ்சு வீட்டுல சும்மாதான் இருக்கோம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி, செலவு கம்மியா, நம்ம மாவட்டத்துலயே ஏதாவது இடம் இருந்தா எழுதுங்களேன்' என்று வாசகி ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், அந்தக் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் எங்கள் ஊர் உழவர் குழுவில் இருந்து இருபத்திரண்டு பேர் ஒரு வேன் பிடித்து, கீழவைப்பாரில் தொடங்கி கயத்தாறு வரைக்கும் போய் வந்திருந்தோம். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், வைப்பாற்றங்கரையில். உளுந்தும் பாசியும் எடுத்தாகிவிட்டது. மிளகாய்ப் பழம் அடுத்த பறிப்புக்கு ஒரு வாரம் இருந்தது. மாசி மாசம், பௌர்ணமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், "கட்டபொம்மன் சண்டை நடந்த இடத்தையெல்லாம் நான் காட்டுறேன். ஆனா ஒரு நிபந்தனை. சினிமா வசனத்தை வேன்ல ஏறும்போதே இறக்கி வச்சிடணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். வேன் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் பின் சீட்டில் யாரோ ஜாக்சன் துரையை மிரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சார் சிரித்துக்கொண்டார்.

ஆறு முடியும் இடம்

காலை ஆறு மணிக்குக் கீழவைப்பார். பக்கத்தில் சிப்பிகுளம். இரண்டும் மீனவர் ஊர்கள். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் பழைய முத்துக்குளித்துறையின் ஊர் வரிசையில் வைப்பாறும் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போர் பார்க்கப் போகிறவர்களை எதற்காக முதலில் ஆற்று முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. எங்களில் பாதிப் பேர் அந்த ஆற்றின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அது கடலில் சேரும் இடத்தைப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் என்று கரிசல் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும் ஆறு இது. மழைக்காலத்தில் சில நாள் இரு கரையும் தொட்டுப் போகும். மற்ற நாளில் மணலும் சீமைக்கருவேலும்தான். ஆனால் கீழவைப்பாரில் அப்படியில்லை. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி, அசையாமல் அகலமாகக் கிடக்கிறது. கரையில் பனை. தண்ணீர் மேல் விடிகாலை வெளிச்சம். ஆழமில்லாத இடத்தில் நாரையும் உள்ளானும் மேய்கின்றன. "இது நம்ம ஆறா?" என்று என் அண்ணன் மகன் கேட்டான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் கேட்டதையேதான் நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். எங்களில் ஒருவர், "இந்த வருஷமும் வந்த தண்ணியெல்லாம் வீணா கடலுக்குத்தான் போச்சு அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வீணுன்னு நீங்க சொல்லுவீங்க. ஆத்துத் தண்ணி வந்து கலந்தாத்தான்யா எங்களுக்கு எறா படும், மீன் கரைக்கு வரும். அஞ்சாறு வருஷம் வெள்ளமே வரலைன்னா எங்க பாடு என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஒங்களுக்கு மழை பொய்ச்சா எங்களுக்கும் பொய்ச்ச மாதிரிதான்."

பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மேட்டுக்காட்டுக்காரன் மறந்துபோகிற கணக்கு இது. கடைமடைக்கும் கீழே ஒரு மடை இருக்கிறது.

சார் இன்னொன்றும் சொன்னார். இதே ஆற்றில் மேலே போனால் வெம்பக்கோட்டை. அங்கே ஆற்றங்கரை மேட்டில் 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அதில் கிடைத்த பொருள்களில் சங்கு வளையல் துண்டுகள் ஏராளம். மலையடிவாரத்தில் சங்கு ஏது? கடலில் இருந்துதான் போயிருக்க வேண்டும். "ஆறு கிழக்க ஓடுது. ஆத்தோரப் பாதையில சங்கு மேக்க போயிருக்கும். ரெண்டாயிரம் வருஷமா இந்தக் கரையில போக்குவரத்து இருந்திருக்குன்னு நினைச்சுக்கோங்க" என்றார்.

இங்கே வருகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, முகத்துவார மணல் திட்டு பார்க்கக் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் புதையும், நீரோட்டமும் இழுக்கும். பிள்ளைகளைக் கரையோடு நிறுத்துங்கள். இரண்டு, கடலுக்குள் இருக்கும் தீவுகளுக்குப் படகில் போய் வரலாமா என்று கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

கிளம்பும் முன் என் வீட்டுக்காரி கருவாடு வாங்கினாள். பச்சை மீன் மத்தியானம் வரைக்கும் தாங்காது என்று, நெத்திலியும் சாளையுமாக இரண்டு கிலோ. அதை எங்கே வைப்பது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் வேன் சீட்டுக்கு அடியில் போனது. அன்று முழுக்க நாங்கள் பார்த்த வரலாறு எல்லாம் அந்த வாடையோடு பார்த்ததுதான்.

மூன்றரை ஏக்கர் கோட்டை

குளத்தூர் வழியாகப் போனோம். பஸ் ஏற, உரம் வாங்க நாங்கள் எத்தனையோ தடவை வந்துபோன ஊர். அதுவும் ஒரு பாளையமாக இருந்தது என்பதும், 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், காடல்குடி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி ஆகியவற்றோடு சேர்த்து கம்பெனிக்காரன் அதையும் பறிமுதல் செய்தான் என்பதும் எங்களுக்குப் புதுசு. நாகலாபுரத்தில்தான் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கிலிட்டார்கள். சுற்றிச் சுற்றி எல்லாம் நாங்கள் மிளகாய் கொண்டுபோய் விற்கிற ஊர்கள்.

பாஞ்சாலங்குறிச்சியை எட்டும்போது மணி எட்டரை. தூத்துக்குடியில் இருந்து வந்தால் 18 கிலோமீட்டர். ஓட்டப்பிடாரத்தில் இருந்து 3 கிலோமீட்டர். வாசலில் கம்பீரமாக நிற்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. உள்ளே சிலையும் போர்க் காட்சி ஓவியங்களும் இருக்கின்றன. பக்கத்தில் ஜக்கம்மாள் கோயில். பிள்ளைகளுக்கு இதுவே போதும். ஆனால் சார் எங்களை வெளியே கூட்டிப்போனார். பழைய கோட்டையின் அஸ்திவாரம் தரையோடு தரையாகக் கிடக்கும் இடம் அது.

"பழைய கோட்டை எவ்வளவு பெருசு, சொல்லுங்க பாப்போம்" என்றார். ஆளாளுக்கு நூறு ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்றோம்.

"வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். நீளம் ஏறக்குறைய 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம். சுத்தி முள்வேலி. கணக்குப் போடுங்க."

செல்போனில் கணக்குப் போட்டோம். ஒன்றரை லட்சம் சதுர அடி. மூன்றரை ஏக்கர்கூட முழுசாக இல்லை! எங்கள் குழுத் தலைவரின் மிளகாய்த் தோட்டம் இதைவிடப் பெரிது. கல் கோட்டையும் இல்லை, மண் கோட்டை. இந்தச் சின்ன இடத்தைப் பிடிக்க உலகத்திலேயே பெரிய வியாபாரக் கம்பெனி இரண்டு முறை படை எடுத்தது. இரண்டாவது முறை இரண்டு மாசம் வாசலிலேயே நின்றது.

எதற்காக? இங்கேதான் சார் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். எங்கள் பெண்களும் கூர்ந்து கேட்டார்கள். ஏனென்றால் அது வரியும் பாக்கியும் பற்றிய கதை.

பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமை ஆற்காடு நவாபிடம் இருந்தது. நவாப் கம்பெனியிடம் கடன்பட்டவர். 1792 ஒப்பந்தத்தில் அந்த வசூல் உரிமை கம்பெனி கைக்குப் போனது. நம் பாஷையில் சொன்னால், கடன் கொடுத்தவன் கடனாளியின் குத்தகைப் பாக்கியை நேராகவே தண்ட வந்துவிட்டான். 1798 மே 31 வரைக்கும் கட்டபொம்மன் கட்ட வேண்டிய பாக்கி 3,310 வராகன் என்று கலெக்டர் ஜாக்சன் சொன்னார். ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 11,585 ரூபாய். நேரில் வா என்று ஆள் அனுப்பினார். வந்தவரைப் பார்க்காமல் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என்று ஊர் ஊராக 23 நாள் அலையவிட்டார். கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில்தான் சந்திப்பு. கணக்கை எடுத்துப் பார்த்தால் மீதிப் பாக்கி 1,080 வராகன்தான்.

"மூணுல ரெண்டு பங்கு கட்டியாச்சு! பெறகு எதுக்கு அலையவிட்டான்?" என்று குழுவின் பொருளாளர் அக்கா கேட்டார். கூட்டுறவுக் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைந்தவர். அவர் குரலில் கோபமே இருந்தது.

"பணம் மட்டும் இல்லம்மா. யாரு பெரியவன்ங்கிறதும் இருக்கு" என்றார் சார். அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். தானாபதி பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பி வந்தார். ஜாக்சனையும் அந்தப் பதவியில் வைத்திருக்கவில்லை, லூஷிங்டன் வந்தார். அதற்குள் தெற்கே எல்லாப் பாளையத்துக்கும் சேதி பரவிவிட்டது. 1799 செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் படை இந்தக் கோட்டையைத் தாக்கியது. சில நாளில் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைக் காட்டில் பிடிபட்டார்.

சினிமா இதோடு முடிந்துவிடுகிறது. சண்டை முடியவில்லை.

ஊமைத்துரையின் துரும்பு

தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவர் தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து, இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையை ஆறே நாளில் மறுபடி எழுப்பினார்கள். கரிசல் மண், வைக்கோல், ஊர் ஜனம், அவ்வளவுதான். மார்ச் 31-ம் தேதி பீரங்கியோடு வந்த கம்பெனிப் படை இந்த மண் சுவரில் மோதித் தோற்றுத் திரும்பியது. கல் சுவர் என்றால் குண்டு பட்டால் சிதறும். மண் சுவரில் குண்டு புதைந்துபோகும். மேலும் படை, மேலும் பீரங்கி வந்து மே 24-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். எதிரிதான் எழுதினார், ஆனாலும் ஊமைத்துரையைப் பற்றி எழுதும்போது மரியாதை குறையவில்லை. பேச்சு வராத மனிதர் எப்படிப் படைக்கு உத்தரவு கொடுத்தார்? இடது உள்ளங்கையில் கொஞ்சம் வைக்கோல் துரும்பு வைப்பாராம். அது கம்பெனிப் படை. வலது கையால் 'உஸ்' என்று ஓசையெழுப்பி அதைத் தட்டிவிடுவாராம். தாக்கு என்று அர்த்தம்.

சார் கீழே கிடந்த காய்ந்த புல்லைப் பொறுக்கி அப்படியே செய்து காட்டினார். அடுத்த அரைமணி நேரம் பிள்ளைகள் எல்லாரும் துரும்பு பொறுக்கி ஒருவர் மேல் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வெல்ஷ் இன்னொரு சம்பவமும் எழுதியிருக்கிறார். கோட்டை விழுந்த பிறகு காயத்தோடு வெளியில் விழுந்து கிடந்தவர்களைத் தேடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வந்தார்கள். ஒரு தாய்க்கு மகன் கிடைத்தான். உயிர் ஊசலாடுகிறது. அவன் தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையைக் காப்பாற்றும்படியும் சொன்னான். தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். தேடி வந்தவர்களிடம், துணி போர்த்திப் படுக்கவைத்து, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று சொன்னார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அந்தத் தாயின் பெயர் எங்கும் இல்லை.

இதைச் சொல்லும்போது சாரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவ மனசு எப்படித் துணிஞ்சுதோ" என்று மட்டும் சொன்னார்.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். 1801 நவம்பர் 16-ல் இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையைத் தரைமட்டமாக்கி உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே பதிவேட்டில் இருந்து அடித்தார்கள்.

"கொட்டமுத்து வெதச்சா நிலம் கெட்டுப்போகுமா சார்? நாங்க மிளகாய்க்கு வரப்பு ஓரம் அதைத்தானே போடுதோம், புழுவைப் பிடிக்கிறதுக்கு" என்று குழுத் தலைவர் கேட்டார். சரியான கேள்விதான். நிலத்துக்கு ஒரு கேடும் இல்லை. பாழாய்ப்போன இடத்தில் முளைக்கிற செடி என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது, அவமானப்படுத்துவதுதான் நோக்கம். நம் பழைய ராஜாக்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? தோற்றவன் கோட்டையைக் கழுதை ஏர் பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்ததாகச் சங்கப் பாடல்களிலேயே சேதி இருக்கிறது. அந்த வரகைத்தான் இன்று நாம் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துச் சிறுதானியம் என்று வாங்கித் தின்கிறோம்.

கோட்டைக்குப் பக்கத்தில் இந்தச் சண்டைகளில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. நினைவுக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. போய்ப் பாருங்கள். எந்த ஊரிலோ பிறந்து, ஒரு கம்பெனியின் வசூலுக்காக இந்தக் கரிசலில் வந்து விழுந்தவர்கள்.

ஓட்டப்பிடாரத்தில் அரை மணி நேரம். வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. பானர்மேன் தாக்கிய அதே தேதி, 73 வருஷம் கழித்து, 3 கிலோமீட்டர் தள்ளி. பக்கத்தில் கவர்னகிரியில் வீரன் சுந்தரலிங்கத்தின் மணிமண்டபமும் இருக்கிறது. நேரமில்லாமல் அதை விட்டுவிட்டோம். நீங்கள் விடாதீர்கள்.

எட்டயபுரத்தில் சாப்பாடு

மத்தியானச் சாப்பாடு எட்டயபுரத்தில், என் மாமியார் வீட்டில். இருபத்திரண்டு பேருக்கும். வீட்டுக்காரி கருவாடு வாங்கியது அதற்குத்தான்.

வேன் எட்டயபுரம் எல்லையைத் தொட்டதும் என் அண்ணன் மகன் எழுந்து நின்று, "எட்டப்பன் ஊரு வந்தாச்சு! எல்லாரும் உஷாரா இருங்க, காட்டிக்கொடுத்துருவாங்க!" என்று கத்தினான். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு சின்னச் சச்சரவு என்றாலும் எங்கள் அம்மா, 'எட்டப்பன் ஊர்ல பொண்ணு எடுத்தா இப்படித்தான்' என்பார். நானும் சொல்லியிருக்கிறேன். வேடிக்கைக்குச் சொல்வதுதானே என்று நினைத்திருந்தேன். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது சார் பையனைக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"எய்யா, உங்க வரப்புக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்புக்கும் தகராறு உண்டா?"

"உண்டு சார். ரெண்டு தடவை சர்வேயர் வந்தாச்சு."

"பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் அதேதான். அருங்குளம், சுப்பலாபுரம்னு ரெண்டு ஊரு. அது யாருக்குன்னு வழக்கு. கம்பெனிக்காரன் அந்த வழக்குக்குள்ள புகுந்துட்டான். ஒருத்தன் பக்கம் நின்னா இன்னொருத்தன் தன்னால எதிரியாயிடுவான். கம்பெனிக்கு உதவினது எட்டயபுரம் மட்டுமா? கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனா புதுக்கோட்டைக்காரனை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறது இல்லையே?"

பையன் விழித்தான். சார் தொடர்ந்தார். எட்டயபுரம் உதவியது உண்மை. பறித்த ஊர்களில் பங்கு வாங்கியதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாற்பது ஐம்பது வருஷம் முன்னால் கப்பம் கேட்டு வந்தவனை எதிர்த்து நின்ற அழகுமுத்துக்கோன், இதே எட்டயபுரம் அரசரின் தளபதியாகத்தான் கொண்டாடப்படுகிறார். அவர் ஊர் கட்டாலங்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டப்பன் என்பது ஒருத்தர் பெயரும் இல்லை, அந்த வம்சத்துப் பட்டம்.

என் மாமியார் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், முதல்முறையாக வாய் திறந்தார். "அந்தக் காலத்துல அண்ணனைப் பறிகொடுத்த எட்டுத் தம்பிமாரை எடுத்து வளத்ததால எட்டு பேருக்கு அப்பன்னு பேரு வந்துதுன்னு எங்க ஆச்சி சொல்லும். எங்க தாத்தா அந்த ஜமீனுக்கு வாரம் அளந்தவரு. அரமனையில இருந்து எங்களுக்கு ஒரு குறுக்கம் நிலம்கூட வந்ததில்ல. கெட்ட பேரு மட்டும் வந்துச்சு."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. 1803-ல் பாளையங்களை ஜமீனாக்கி வரியை நிரந்தரமாக நிர்ணயித்தார்கள். 1948-ல் சட்டம் வந்துதான் ஜமீன் ஒழிந்தது. இடையில் ஒன்றரை நூற்றாண்டு அந்த வரியை உழுது கட்டியது யார் என்று என் மாமியார் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வேனில் ஏறும்போது நான் வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லப் போனேன். "சரி சரி, தண்ணிக் கேனை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பாரதி பிறந்த வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம், உமறுப்புலவர் தர்கா, முத்துசாமி தீட்சிதர் சமாதி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்தான். சிதிலமான அரண்மனையை வெளியில் நின்று பார்த்தோம்.

கயத்தாறு

கயத்தாறு போய்ச் சேரும்போது நாலரை மணி. மதுரை - திருநெல்வேலி நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன. 1799 அக்டோபர் 16-ம் தேதி இங்கே ஒரு புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. இப்போது மணிமண்டபம் இருக்கிறது. நடிகர் சிவாஜி கணேசன் 1970-ல் நிறுவிய சிலையும் இருக்கிறது.

பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிற்கவைத்துத்தான் விசாரணை நடத்தினார். பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக. அடுத்த நாளே அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், கட்டபொம்மன் நிமிர்ந்து நடந்ததாகவும், இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்ததாகவும் இருக்கிறது. போகும் வழியில் அவர் கவலைப்பட்டது ஒருத்தரைப் பற்றி மட்டும்தானாம்: வாய் பேசாத தம்பி. மரத்தடியில் நின்று, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தினாராம்.

காலையில் வேனில் வசனம் பேசியவர்தான் அந்த இடத்தில் அதிக நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

செலவுக் கணக்கு கேட்கிறவர்களுக்கு: வேன் வாடகை, டிரைவர் படி, டீ, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 480 ரூபாய் வந்தது. மத்தியானச் சாப்பாடு மாமியார் வீடு என்பதால் கணக்கில் வரவில்லை. உங்களுக்கு எட்டயபுரத்தில் மாமியார் இல்லையென்றால் கட்டுச்சோறு கொண்டுபோங்கள். தை, மாசி நல்லது. பங்குனிக்கு மேல் பாஞ்சாலங்குறிச்சி வெயில் தாங்காது. கோட்டையை எப்படியும் பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். வரலாறு தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத ஊர் நம் பக்கம் இல்லை. கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள்.

திரும்பும்போது விளாத்திகுளம் வைப்பாற்றுப் பாலத்தில் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னோம். மணி எட்டைத் தாண்டியிருந்தது. பௌர்ணமிக்கு ஒரு நாள் முந்தின நிலா. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாக நீண்டு கிடந்தது. காலையில் கீழவைப்பாரில் பார்த்த அதே ஆறு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றோம். அங்கே வலை சிக்கெடுத்த பெரியவர் இந்நேரம் கடலுக்குக் கிளம்பியிருக்கலாம்.

என் அண்ணன் மகன் வீட்டுக்காரி பக்கத்தில் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, அடுத்து எப்ப எட்டயபுரம் போறீங்க? கட்டாலங்குளம் பாக்கலையே. நானும் வாரேன்" என்றான்.

"பரீட்சை முடியட்டும்" என்றாள் அவள். "வேனுக்குள்ள ஏறு. கருவாட்டுப் பொட்டலம் ஒண்ணு மிச்சம் கெடக்கு, அதை எடுத்து உங்க அம்மாகிட்ட கொடு."